கீரிமலையில் சொன்ன பேர்

புறப்படுகிற அன்றே வீட்டில் தகராறு. புதுத் தகரப்பெட்டிக்குப் பேர் எழுத வந்த பெயின்டர், நான் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, என் மனைவியிடம் "சார் பேர் என்னம்மா?" என்று கேட்டிருக்கிறான். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் என் பேரைச் சொன்னதில்லை, பெயின்டருக்காகவா சொல்லப்போகிறாள்? "வாத்தியார்னு எழுதுங்க, எல்லாருக்கும் தெரியும்" என்றிருக்கிறாள். அவன் தன் பங்குக்கு ஊரையும் சேர்த்து, "தென்காசி வாத்தியார்" என்று வெள்ளைப் பெயின்டில் பெட்டி மூடி கொள்ளாமல் எழுதிவிட்டுக் கூலியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

"ஏன்டி, பேரைச் சொன்னா வாய் வெந்தா போயிரும்?" என்று கத்தினேன்.

"என் வாய் வெந்தாப் போகுது. உங்க ஆயுசு குறைஞ்சா யாருக்கு நஷ்டம்?" என்று சொல்லிவிட்டு அவள் புளியோதரைப் பொட்டலத்தைக் கட்டப் போய்விட்டாள். அழியாத பெயின்ட். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அந்தப் பெட்டியோடுதான் ஈசுவர வருஷம் ஆடி மாதம், அமாவாசைக்குச் சில நாள் முன்னால், இலங்கைக்குப் புறப்பட்டேன்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா காலமான பிறகு ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் போய்த் தர்ப்பணம் செய்வது என் வழக்கம். திருவனந்தபுரத்தில் என் மைத்துனர் யாழ்ப்பாணப் புகையிலை வியாபாரம் செய்கிறார். அவருக்குச் சரக்கு அனுப்பும் செல்லையா என்பவர் ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கியபோது, "ராமேசுவரம் வரை வாறியள், இன்னும் கொஞ்சம் கடலைத் தாண்டினால் கீரிமலை. அங்கை வாங்கோ" என்று சொல்லியிருந்தார். அது ஒன்று. இன்னொன்று என் புத்தகம்.

பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பூமியைப் பற்றித் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். கடல், ஆறு, எரிமலை எல்லாம் ஒழுங்காக வந்தன. "வரிஸ்கன்" என்ற சொல்லில் வந்து வண்டி நின்றுவிட்டது. மனிதன் பிறப்பதற்குக் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் ஐரோப்பாவின் நடுவே ஒரு பெரிய மலைத்தொடர் எழுந்தது. அந்த எழுச்சிக்கு நிலநூலார் வைத்த பேர் அது. மலை எழுவதை "மலையாக்கம்" என்று எழுதிவிட்டேன். அதற்கு முன்னால் நிற்கிற வரிஸ்கனை என்ன செய்வது? எங்கள் பள்ளித் தமிழாசிரியர், "அந்த மலையே இப்போ இல்லைங்கிறீர். இல்லாத மலைக்கு எந்தப் பேரா இருந்தா என்ன? நல்லதா ஒரு தமிழ்ப் பேரை வச்சுட்டுப் போம்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்றும் சொல்லத் தெரியவில்லை. மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் ஓர் ஊருக்குக் கீரிமலை என்று பேர் இருக்கிறதே, அதையாவது பார்த்துவருவோம் என்று கிளம்பினேன்.

இலங்கை போகிறவர்களைச் சோதிக்கிற மண்டபம் முகாமில் டாக்டர் கண்ணை இழுத்து, நாக்கைப் பார்த்து, அம்மைத் தழும்பைத் தடவி, கடைசியில் பெட்டியைப் பார்த்து, "இதுதான் உம்ம பேரா?" என்று கேட்டார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்க இருபத்திரண்டு மைல். கடல் அன்றைக்கு என்னிடம் ஒரு பகையும் காட்டவில்லை, புளியோதரைதான் காட்டியது. மதவாச்சியில் ரயில் மாறி, பலகை பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்கினேன்.

விழித்தபோது விடிந்துகொண்டிருந்தது. ரயிலின் இரண்டு பக்கமும் தண்ணீர். ஆனையிறவு என்றார் எதிரே இருந்தவர். தண்டவாளம் கண்ணில் படவில்லை. வண்டி கடல் மேலேயே நடந்துபோகிற மாதிரி இருந்தது. அதைத் தாண்டியதும் தரை வந்தது. தரை என்றால் தரைதான். எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் மேற்கே ஒரு மலை குறுக்கே நிற்கும். அதை நாங்கள் பார்ப்பதுகூட இல்லை. இங்கே நான் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பனைகள், சிவப்பு மண், கல் வேலிகள், அதற்கு அப்பால் வானம். கண் போய் முட்டுவதற்கு ஓர் இடமில்லை. கதவில்லாத வீட்டில் படுத்த மாதிரி ஒரு கூச்சம் எனக்கு உண்டாயிற்று.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியில் புத்தூர் ஒன்பது மைல். பஸ்ஸுக்கு இருபது சதம். பெட்டிக்குத் தனியாக ஐந்து சதம் கேட்ட கண்டக்டர், மூடியைப் படித்துவிட்டு, "வாத்தியாரிட்டை வேண்டினால் பாவம்" என்று வாங்காமல் விட்டுவிட்டான். பெயின்டரால் உண்டான ஒரே லாபம் அதுதான்.

செல்லையா சந்தியிலேயே காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். புகையிலைத் தோட்டத்து வெயிலில் கறுத்த உடம்பு, காதில் கடுக்கன், எதைச் சொன்னாலும் சிரிப்பதற்குத் தயாரான முகம். "வாங்கோ வாங்கோ வாத்தியார். கப்பல் என்ன செய்தது? சத்தி எடுத்தனீங்களோ? எல்லாரும் எடுக்கிறதுதான்" என்று, நான் வாந்தி எடுத்ததைச் சொல்லுமுன்பே என் மானத்தைச் சந்தியிலேயே வாங்கினார். நான் அவரை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டதில் அவருக்கு ஏகக் களிப்பு. பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு, குளித்துச் சாப்பிட்டதும், "நிலாவரையைப் பாப்பமோ? கல்லைப் பற்றி எழுதிற ஆள் அதைப் பாக்காமல் போகக்கூடாது" என்றார்.

நிலாவரை ஒரு கிணறு. கிணறு என்பது மரியாதைக்குச் சொல்வது. பாறை தானாகவே இடிந்து உள்ளே விழுந்த ஒரு பெரிய குழி. சுற்றிலும் வெட்டிவிட்ட மாதிரிச் சுண்ணாம்புக்கல். கீழே பச்சையாகத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நடுப்பகல். காற்று இல்லை, காக்கை இல்லை. பனைகளின் நிழல் அவற்றின் அடியிலேயே சுருங்கிக் கிடந்தது.

"மேலை நல்ல தண்ணி, கீழை உவர். அடி எங்கையெண்டு ஒருத்தரும் காணேல்லை. இதுக்குள்ளை தேசிக்காயைப் போட்டால் கீரிமலைக் கேணியிலை மிதக்குமாம்" என்றார் செல்லையா. தேசிக்காய் என்பது எலுமிச்சங்காய்.

"போட்டுப் பார்த்தவர்கள் உண்டா?"

"போட்டவை கனபேர். எடுத்தவையைத்தான் காணேல்லை."

சுண்ணாம்புக்கல் மழைநீரில் கரையும், கரைந்த இடத்தில் குகை உண்டாகும், குகை வழியே தண்ணீர் மைல் கணக்கில் ஓடினாலும் ஓடும் என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, சுருட்டுப் பற்றவைக்கச் சற்றுத் தள்ளிப் போனார். நான் விளிம்பில் குனிந்து ஒரு சின்னக் கல்லைப் போட்டேன். வளையம் விரிந்து, பாறையைத் தொட்டு, நின்றது. அதைக் காட்டுவதற்காக, "அண்ணாச்சி! செல்லை..." என்று குரல் எடுத்தேன். மனிதர் சுருட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"சத்தம் போடாதேங்கோ வாத்தியார். உச்சி நேரத்திலை உதிலை நிண்டு பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது."

"கூப்பிட்டால் என்ன ஆகும்?"

"ஓம் எண்டு கேக்கும்." யாழ்ப்பாணத்தில் ஆமாம் என்பதற்கு ஓம் என்பார்கள்.

"எதிரொலிதானே?"

"எதிரொலி எண்டால் கூப்பிட்ட பேரல்லோ திரும்பி வரும்? உது 'ஓம்' எண்டெல்லோ கேக்குமாம்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீங்கள் கேட்டதுண்டா என்றேன். "நான் கூப்பிட்டாலல்லோ கேக்கிறதுக்கு" என்று அவர்தான் பிறகு சிரித்தார். திரும்பி நடக்கையில், ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்திருக்கலாமே, பகுத்தறிவு படைத்த ஆள்தானே நான் என்று மனம் சீண்டியது. ஆனாலும் நாக்கு எழவில்லை.

அன்று சாயங்காலம்தான் அன்னத்தைப் பார்த்தேன். செல்லையாவின் தம்பி மனைவி. முப்பது வயது இருக்கலாம். அரக்குச் சேலை, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தம்பி எங்கே என்று கேட்டேன். கேட்கக்கூடாதது என்று கேட்ட பிறகு தெரிந்தது.

செல்லையா குரலைத் தாழ்த்திச் சொன்னார். தம்பி வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக ரங்கூனுக்கு அரிசி ஏற்றப் போனான். கப்பல் ரங்கூனை விட்டது. இங்கே வரவில்லை. வேறு எங்கும் போகவும் இல்லை. "புயல் எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. ஒரு பலகை கரை ஒதுங்கேல்லை. நாலு வருசமாச்சு."

"பிறகு?"

"பிறகென்ன. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் கீரிமலையிலை ஐயர் என்னட்டை, வேறை ஆரின்ரை பேரும் இருக்கோ எண்டு கேப்பார். நான் இல்லையெண்டு சொல்லிப்போட்டு வாறன். அவன் எனக்குக் கனவிலை வாறான், வாத்தியார். உடுப்பெல்லாம் நனைஞ்சு, வாசல் படலையடியிலை நிண்டு தண்ணி கேக்கிறான். செத்தவனெண்டால் நான் எள்ளும் தண்ணியும் குடுக்காமல் தவிக்கவிடுறன். உயிரோடை இருக்கிறவனெண்டால், பேரைச் சொன்ன உடனை நான் அவனைக் கொண்டமாதிரி. அன்னம் ஓமெண்டு சொல்லாமல் நான் சொல்லமாட்டனெண்டு அவளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன். அவள் சொல்லமாட்டாள். சொன்னாளெண்டால் அண்டைக்கே அந்தப் பொட்டை அழிக்கவேணுமல்லோ?"

அவர் தம்பியின் பேரை அப்போதும் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். அந்த வீட்டில் அந்தப் பேர் கேட்பதே இல்லை. அண்ணனுக்கு அவன் தம்பி. அக்கம்பக்கத்தாருக்குக் கப்பலில் போனவர். மனைவியோ வழக்கப்படி எப்போதுமே சொன்னதில்லை.

பேச்சை மாற்றுவதாக நினைத்து என் புத்தகத்தை எடுத்தேன். வரிஸ்கன் என்பது என்ன என்று செல்லையா கேட்டார். சொன்னேன். பழைய காலத்தில் பூமியின் தோல் மடிந்து எழுந்தது. பூமி குளிர்ந்து சுருங்கியதால் என்பார் சிலர், கண்டங்கள் நகர்ந்து நெருக்கியதால் என்பார் சிலர். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. எழுந்த மலைகளை மழையும் காற்றும் அரைத்து அரைத்துத் தரையாக்கிவிட்டன. இப்போது மண்ணுக்குள் வேர்க்கட்டைகள் மாதிரிப் பாறைகள்தான் மிச்சம். அதைப் பார்த்துத்தான் மேலே மலை இருந்ததென்று தெரிந்தது. வியன்னாவில் ஒரு பேராசிரியர் அதற்குப் பேர் தேடினார். ஜெர்மனியில் அந்தப் பாறைகள் கிடக்கிற பக்கத்தில், ரோமர் காலத்தில், வரிஸ்கர் என்று ஒரு சின்னக் குலத்தார் இருந்தார்களாம். அவர்களும் இப்போது இல்லை. அவர்கள் பாஷை, சாமி, பாட்டு ஒன்றும் மிஞ்சவில்லை. அங்கே ஓர் ஊரின் பழைய லத்தீன் பேருக்குள் அவர்கள் பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து அந்த மலைக்கு வைத்துவிட்டார்.

"இல்லாத மலைக்கு இல்லாத சனத்தின்ரை பேர்" என்றார் செல்லையா. "கீரிமலையும் உப்பிடித்தான். முந்தி மலை இருந்ததாம், கடல் கொண்டுபோட்டுது எண்டு சொல்லுவினம். கீரி முகத்தோடை இருந்த முனிவர் அங்கை முழுகி முகம் மாறினவராம். மலையும் இல்லை, முனிவரும் இல்லை, கீரி மட்டும் என்ரை தோட்டத்துக்கை நிக்குது."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அன்னம் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் அமாவாசை. நிலம் வெளுக்குமுன் மாட்டுவண்டில் பூட்டினோம். பதினோரு மைல் என்றார் செல்லையா. முன்னால் அவர், நடுவில் நான், பின்பக்கம் அன்னம். நீயும் வருகிறாயா என்று அவர் கேட்டதற்கு, "நான் பக்கத்திலை நிண்டால்தான் அத்தான் வாய் திறக்கமாட்டியள்" என்றாள். கணவனின் அண்ணனை அங்கே அத்தான் என்பார்கள். அவர் மாட்டைத் தட்டினார்.

அச்சுவேலி தாண்டியதும் மற்ற வண்டில்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டன. எல்லோரும் விரதம், எல்லோரும் குளிக்காத தலை. ஒவ்வொரு வண்டிலின் அடியிலும் ஒரு லாந்தர் ஆடியது. வெளிச்சம் சக்கரத்துக்கு மேலே எழவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் தெரியவில்லை. முன்னும் பின்னும் பார்த்தால் ஆளில்லாத வண்டில்கள் வரிசையாகத் தாமாகவே கடலை நோக்கிப் போகிற மாதிரித் தெரிந்தது. பயந்துவிட்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

தெல்லிப்பழைக்குச் சற்று முன்னால் பின்னாலிருந்து குரல் வந்தது. "வாத்தியார், ராத்திரிச் சொன்னியளே ஒரு மலை."

"ஆமாம்மா."

"பேர் வைச்சவர் அந்த மலையைக் கண்டவரோ?"

"இல்லை. யாருமே கண்டதில்லை."

"அந்தச் சனத்தை?"

"இல்லை. அவர்கள் போய்ப் பல நூறு வருஷம் ஆகிவிட்டது."

"பேந்து ஏன் அவையின்ரை பேரை எடுத்தவர்?"

எங்கள் தமிழாசிரியருக்குச் சொல்ல முடியாத பதில் அப்போதுதான் எனக்கே கிடைத்தது. "அவர் எடுத்திருக்காவிட்டால் எனக்கு அந்தப் பேர் தெரிந்திருக்காது. உனக்கும் தெரிந்திருக்காது. இந்த நேரத்தில் இந்த வண்டிலில் அவர்களைப் பற்றிப் பேசியிருக்கமாட்டோம்" என்றேன்.

வண்டில் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. "அப்ப, ஒருத்தரும் சொல்லாமல் விட்டால் பேரும் போயிடும்" என்றாள். என்னைக் கேட்டாளா, தனக்கே சொன்னாளா தெரியவில்லை.

கீரிமலையில் மலை இல்லை என்பதை என் கண்ணால் உறுதிசெய்துகொண்டேன். தரை அப்படியே போய்க் கடலில் இறங்குகிறது. கடலோரத்தில் கல்லால் கட்டிய கேணி. சுவருக்கு அந்தப் பக்கம் அலை அடிக்கிறது, இந்தப் பக்கம் பாறைக்குள்ளிருந்து நல்ல தண்ணீர் ஊறிக் கொப்பளிக்கிறது. வாயில் விட்டுப் பார்த்தேன், உப்பில்லை. எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்த்தால் கறுப்பாக ஓர் இடுக்கு. நிலாவரையின் பச்சைத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. சட்டென்று நிமிர்ந்துகொண்டேன்.

வெயில் ஏற ஏறக் கூட்டமும் ஏறியது. மாவிட்டபுரத்து முருகன் அன்றைக்கு அங்கே தீர்த்தமாட வருவார்; தூரத்தில் தவில் கேட்டது, அரோகரா கேட்டது. கரையோரம் ஓலைப் பந்தல்களில் ஐயர்மார் தர்ப்பையும் எள்ளுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் முழுகிவிட்டு ஈரத்தோடு ஒரு பந்தலில் உட்கார்ந்தோம். என் தர்ப்பணம் முதலில் முடிந்தது. அடுத்தது செல்லையா. அன்னம் பெண்கள் கேணியில் முழுகிவிட்டு வந்து, அவருக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு காவல் நிற்பது போல் நின்றாள்.

"தகப்பனார் பேர்?" என்றார் ஐயர். சொன்னார். எள்ளும் தண்ணீரும் விழுந்தன. "பாட்டனார்?" சொன்னார். விழுந்தன.

"வேறை ஆரும்?"

செல்லையாவின் முதுகில் ஒரு நரம்பு இழுத்துக்கொண்டது. தலை குனிந்தபடி, "இல்லை ஐயா" என்றார்.

"கந்தசாமி."

யார் சொன்னது என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பழகாத குரல். ஒரு சொல்லை முதன்முதலில் சொல்கிற குழந்தைக்கு வருமே, அந்த மாதிரி அளவு தெரியாமல், சத்தமாக வந்தது. பக்கத்துப் பந்தல்காரர்கள் திரும்பினார்கள். செல்லையா திரும்பவில்லை, கையில் தர்ப்பையோடு உறைந்து உட்கார்ந்திருந்தார். அன்னம் கடலைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தரம் சொன்னாள்.

"வேலுப்பிள்ளை கந்தசாமி."

"ஓம்" என்று ஒரு குரல் கேட்டது.

ஆண் குரல். உரக்க இல்லை, மெதுவாக இல்லை. வீட்டுக்குள் யாரோ கூப்பிட்டால் அடுத்த அறையிலிருந்து சொல்வது போன்ற "ஓம்". கேணிப் பக்கமிருந்து வந்தது. நான் கேட்டேன். ஐயர் கேட்டார், செம்பைக் கீழே வைத்துவிட்டார். செல்லையா பாய்ந்து எழுந்து, "தம்பீ!" என்று கத்திக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார். நானும் ஓடினேன்.

யாழ்ப்பாணத்தில், அதுவும் மாவிட்டபுரத்துக் கந்தசாமி தீர்த்தமாட வருகிற அன்றைக்கு, கந்தசாமி என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்புவார்கள்! ஒரு வயதான சுருட்டுக்காரர், சுன்னாகத்துக் கடைக்காரர் ஒருவர், கல்யாணம் ஆகாத ஒரு பையன். மூன்று கந்தசாமிகளைப் பிடித்தோம். "நீங்களோ ஓம் எண்டது?" என்று செல்லையா ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கேட்டார். மூன்று பேரும் இல்லை என்றார்கள். தங்களை யாரும் கூப்பிட்டதே கேட்கவில்லை என்றார்கள். நாலாவது ஒருவர் இருந்திருப்பார், பதில் சொல்லிவிட்டு ஆளைக் காணாமல் போயிருப்பார். அப்படித்தான் இருக்கவேண்டும். இதை எழுதும்போதும் அப்படித்தான் சொல்கிறேன்.

திரும்பி வந்தபோது அன்னம் நின்ற இடத்திலேயே நின்றாள். ஐயர் அவளைப் பார்த்து, "பிள்ளை, இப்ப நான் என்ன செய்ய? விடுறதோ, வேண்டாமோ?" என்றார்.

செல்லையா அவள் முன்னால் போய், "அன்னம், வேண்டாம். கேட்டனியெல்லே? அவன் இருக்கிறான். எங்கையோ இருக்கிறான்" என்றார். இத்தனை நாள் அந்தப் பேரைச் சொல்லத் தவித்த மனிதர், இப்போது சொல்லவேண்டாம் என்று அழுதார்.

"கேட்டனான் அத்தான்" என்றாள். "அவர் இருக்கேக்கை நான் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை. கூப்பிட்டால் ஆயுள் குறையுமெண்டு. இண்டைக்குத்தான் கூப்பிட்டன். ஓமெண்டு சொல்லிப்போட்டார். எனக்கு அது போதும்." பிறகு ஐயரிடம், "தண்ணி கேட்டுக்கொண்டு நிக்கிறாராம். விடுங்கோ ஐயா" என்றாள்.

செல்லையா உட்கார்ந்தார். ஐயர் பேரைச் சொன்னார். எள்ளும் தண்ணீரும் செல்லையாவின் விரல் வழியாக மூன்று தரம் விழுந்தன. வண்டிலில் வைத்து நான் சொன்ன பதில் அவள் நாக்கை அசைத்ததோ என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. அவள் நெற்றியைப் பார்த்தேன். முழுகியதில் பொட்டு கரைந்து போயிருந்தது. மடியில் குங்குமச் சிமிழ் இருந்தது. காலையில் வண்டிலில் அது உருண்டதை நானே எடுத்துக் கொடுத்திருந்தேன். அவள் அதைத் தொடவில்லை.

புத்தூருக்குத் திரும்பி, பிற்பகலில் விரதச் சோறு. ஆடி அமாவாசைக்கு அங்கே காத்தோட்டிக்காய் என்று ஒரு காட்டுக்காய் சமைக்கிறார்கள். வேப்பங்காய் அதற்குச் சின்னத் தம்பி. முகத்தைச் சுளிக்காமல் சாப்பிடவேண்டும் என்பது முறை. அன்றைக்கு யாரும் சுளிக்கவில்லை.

மறுநாள் செல்லையா யாழ்ப்பாணம் ரயிலடி வரை வந்தார். பெட்டியை மேலே தூக்கி வைத்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விசில் ஊதியபோது, "வாத்தியார், ராத்திரி நான் முழிச்சிருந்து பாத்தனான். பேந்து நித்திரையும் கொண்டன். அவன் வரேல்லை" என்றார். நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்கிற முகம். வண்டி நகர்ந்துவிட்டது. கையை மட்டும் ஆட்டினேன்.

ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர் வந்தபோது நோட்டை எடுத்து "வரிஸ்கன் மலையாக்கம்" என்று எழுதி முடித்தேன். தமிழ்ப் பேர் எதுவும் வைக்கவில்லை. யாருடைய பேரோ அது. யாராவது கூப்பிட்டால், அவர்கள் போன இடத்தில் கேட்கட்டும்.

தென்காசி ஸ்டேஷனில் இறங்கியபோது சாரல் தூறிக்கொண்டிருந்தது. மலை இருந்த இடத்தில் இருந்தது. அதற்கும் ஒரு நாள் தரையாகும் விதி உண்டு என்பதை மறக்க முயன்றபடி வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த வாரம் ஒரு காலை, பெயின்டர் தானாகவே வந்தான். நான் உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தேன். "பெட்டியில தப்பா எழுதிட்டேன்னு பசங்க சிரிக்கிறாங்கம்மா. அழிச்சுட்டுச் சரியா எழுதித் தாரேன், காசு வேண்டாம். சார் பேரை மட்டும் சொல்லுங்க" என்று வாசலில் கேட்டான்.

கத்தியை நிறுத்தினேன். காது முழுவதும் வாசலுக்குப் போய்விட்டது. அவள் வளையல் சத்தம் கேட்டது. சொல்லிவிடுவாளோ என்று என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"அவங்க உள்ளதான் இருக்காங்க. நீங்களே கேட்டுக்கோங்க" என்றாள்.

பாதிச் சவரத்தோடு வெளியே ஓடிவந்து, "இருக்கட்டும்பா. எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்" என்றேன்.